மாலை போட்ட வீடும் சாளைக் கறியும்

மீன் எண்ணெய் மாத்திரை விழுங்குகிறவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள். எனக்குத் தெரியும், பாதிப் பேராவது தூக்குவீர்கள். டாக்டர் சொல்கிறார், மகன் வாங்கிக் கொடுக்கிறான், நாமும் காலையில் சாயா குடித்த கையோடு ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறோம். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படி ஒரு கதி வர வேண்டுமா? நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மீன் என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு பனிக்காலம்தான். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் மீனே கிடையாது. சொல்கிறேன், இடையில் குறுக்கே விழுந்து உங்கள் கதையை ஆரம்பித்துவிடாதீர்கள்.

அப்பாவுக்கு முனிசிபாலிட்டியில் வேலை. தெருவுக்குத் தெரு தண்ணீர் திறந்துவிடுவார், அடைப்பார். அப்பாவின் தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சியில் ஒட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். மீன் இல்லாத சோற்றை அப்பா சோறு என்றே சொல்ல மாட்டார். காலையில் சந்துக்குள் கூடைக்காரியின் குரல் கேட்டதும் அம்மா சட்டியோடு வாசலில் நிற்பாள். சாளைதான் பெரும்பாலும். நீங்கள் மத்தி என்பீர்கள், எங்களுக்கு அது சாளை. அம்மா அதைப் புளி கரைத்து, வெந்தயம் தாளித்து, எண்ணெய் மேலே மிதக்க வைப்பாள். பக்கத்து வீட்டுச் சேச்சி கிறிஸ்தவப் பெண்மணி, அவளுடைய வீட்டுக்காரர் வள்ளத்தில் வலை போடுகிறவர். அவள் குடம்புளி போட்டு வைப்பாள், அல்லது தேங்காய்ப்பால் விட்டு மோளி வைப்பாள். ‘மீனுக்குத் தேங்காய்ப்பால் விட்டால் அது குழம்பா, பாயசமா’ என்று அம்மா எங்களிடம் முணுமுணுப்பாள். ஆனால் சேச்சி கிண்ணத்தில் கொடுத்தனுப்பினால் வழித்துத் தின்பாள்.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் அக்கா வந்து சேர்ந்தாள். பாலக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்கு முன்னே இரண்டு தடவை தங்கிக் கலைந்துவிட்டது. இது மூன்றாவது. மாமியார்க்காரி, ‘உங்கள் வீட்டிலேயே இருந்து பத்திரமாகப் பெற்றெடுத்துக்கொண்டு வா’ என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொன்ன விதத்தில், இதுவும் போனால் வர வேண்டாம் என்பதும் கேட்டது. அம்மாவுக்கு நன்றாகவே கேட்டது. அன்றைக்குச் சாயந்தரமே அப்பா முடிவெடுத்துவிட்டார். கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுவது, இந்தப் பிள்ளை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மலைக்குப் போவது.

மாலை போட்ட வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அன்றோடு அப்பா இல்லை, சாமி. அம்மாகூட அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். குழாய் திறக்கப் போகும் முன் ஒரு குளியல், வந்த பின் ஒரு குளியல், தாடி, கறுப்பு வேட்டி, கற்பூரப் புகை. மீன் சட்டிகளை அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து விறகுக் கொட்டகையில் கவிழ்த்து வைத்தாள். கூடைக்காரி எங்கள் வாசலுக்கு வந்ததும் குரலை அடக்கிக்கொண்டு தாண்டிப் போனாள். எங்கள் பூனை நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு சேச்சி வீட்டுக்குக் குடிபோய்விட்டது. எனக்கு இருந்த கடுப்பில் அதோடு நானும் போயிருப்பேன்.

ஆனால் இங்கே விஷயம் என் நாக்கு இல்லை. அக்காவுக்கு எதுவுமே வயிற்றில் நிற்கவில்லை. கஞ்சி குடித்தால் வாந்தி, ரசம் வாந்தி, அப்பா தேடித் தேடி வாங்கி வந்த ஆரஞ்சு வாந்தி. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க அம்மாவின் தோள் வேண்டும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா, ‘எதையாவது சாப்பிட வையுங்கள், இப்படியே போனால் இதுவும் தங்காது’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அதைக் கேட்டு வந்த அப்பா என்ன செய்தார் தெரியுமா? சரணம் சொல்வதை அதிகமாக்கினார். பாவம், அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் பஜனைக்கு ஆள் சேர்ந்துவிட்டது. சாம்பிராணிப் புகை அக்காவுக்கு ஆகவில்லை என்று அம்மா அவளைச் சேச்சி வீட்டில் கொஞ்சம் படுக்க வைக்கக் கூட்டிப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். சேச்சி அடுக்களையில் பலகை போட்டு உட்கார்ந்து கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் முந்தின நாள் சாளைக் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாள் கறியின் வாசனை உங்களுக்குத் தெரியும். குடம்புளி ஊறி, மிளகாய் அடங்கி, பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் சட்டியின் ஓரத்தில் கறுத்துக் கிடக்கும். எனக்கு வாய் ஊறியது. அம்மா அவசரமாக அக்காவின் மூக்கை முந்தானையால் மூடப் போனாள். அக்கா அந்த முந்தானையைத் தள்ளிவிட்டு, சேச்சியின் முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டினாள்.

சேச்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையைக் கீழே விட்டாள். சேச்சி கப்பையைக் கறியில் புரட்டி ஒரு உருண்டை வைத்தாள். பிறகு இன்னொன்று. அம்மா ஓடிப்போய் முற்றத்திலிருந்த அலுமினியப் பாத்திரத்தை எடுத்து வந்து அக்காவின் தாடைக்குக் கீழே பிடித்தபடி நின்றாள். நின்றாள், நின்றாள், ஒன்றும் வரவில்லை. அக்கா சாப்பிட்டு முடித்து, அந்த ஈரத் தரையிலேயே சாய்ந்து, குழந்தை மாதிரி தூங்கிப் போனாள். எங்கள் வீட்டில் சரணம் விளித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் அழுதாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் அப்பா மதியம் வேலைக்குத் திரும்பியதும் அக்காவும் அம்மாவும் நானும் வேலியைத் தாண்டுவோம். சேச்சி வீட்டுக்காரர் கொண்டு வருவதைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் ஒன்று. கொழுவை என்கிற பொடிமீனில் தேங்காய் துருவிப் போட்டுத் தண்ணீர் வற்ற வற்றச் சிரட்டைக் கரண்டியால் புரட்டி எடுத்த பீரா. முருங்கைக்காய் போட்ட கொஞ்சு, அதாவது இறால். காயலில் அள்ளிய கக்கா என்கிற சிப்பி இறைச்சி, தேங்காய்க் கொத்தோடு வறுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன். அதை அவிழ்த்தபோது எழுந்த ஆவியை நான் நெஞ்சு நிறைய இழுத்தேன், எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஆனாலும் அக்கா கேட்பது எப்போதும் சாளைதான். சாளைக்கு முள் அதிகம். அக்காவுக்கு இருமல் வந்தால்கூட வயிறு குலுங்கிவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். அதனால் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து விரலால் முள்ளை எடுத்து எடுத்துக் கொடுப்பாள்.

எனக்கு ஒரு துண்டு கிடையாது. ஏன் என்று கேட்டேன், விடுவேனா? அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. அக்கா கட்டிக்கொடுத்த பெண், இன்னொரு வீட்டுக்காரி, அவளை இந்த வீட்டு விரதம் கட்டாது. நான் சாமி வீட்டுப் பெண், என்னைக் கட்டும். யோசித்துப் பாருங்கள், அந்த வீட்டில் ஒழுங்காக விரதம் இருந்தவள் நான் ஒருத்திதான், அதுவும் மனசில்லாமல். அம்மா வாயில் வைக்கவில்லை, சரி. ஆனால் விரல் மீனில் பட்டதே? அதற்கு அவளுடைய சட்டத்தில் இடமில்லை. அதனால் திரும்பி வந்ததும் கிணற்றடியில் குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு அப்பாவுக்குச் சமைப்பாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, ‘உன் அம்மாவுக்கு வந்த பக்தியைப் பார்’ என்று என்னிடம் பெருமைப்பட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வரவில்லை.

டிசம்பர் பிறந்ததும் இன்னொரு சிக்கல். சேச்சி வீட்டிலும் நோன்பு. கிறிஸ்துமஸ் வரைக்கும் அவர்களுக்கும் மீன், இறைச்சி கிடையாது. அம்மா, போதும், இனி வர மாட்டோம், உன் அடுப்பையும் கெடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சேச்சி துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“நோம்பு எனிக்கல்லே, அவள்க்கு அல்லல்லோ.”

நோன்பு எனக்குத்தானே, அவளுக்கு இல்லையே என்று. அவ்வளவுதான் பேச்சு. அந்த மாதம் முழுக்கச் சேச்சி ருசி பார்க்காமல் மீன் வைத்தாள். உப்புப் பார்ப்பது அக்காவின் வேலை. ஒருநாள் உப்புக் கரித்தது, ஒருநாள் காரம் தூக்கியது. அக்கா எதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

மார்கழி பிறந்த சில நாளில் அக்காவின் கன்னத்தில் சதை பிடித்துவிட்டது. கண்ணில் வெளிச்சம் வந்தது. வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்தது. டாக்டரம்மா தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றாள். வந்தது வினை. அப்பா மண்டல பூஜைக்கு மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுவதாகத்தான் இருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் சாமி படத்தின் முன்னால் விழுந்து கும்பிட்டார். எழுந்து, ஐயப்பன் வேண்டுதலைக் கேட்டுவிட்டார், இனி அரைகுறையாக விடக் கூடாது, மகரவிளக்குக்குத்தான் போவேன், அதுவரை விரதம் இன்னும் கடுமை என்று அறிவித்தார். அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அக்கா மீனால் தேறத் தேற, வீட்டில் மீன் இன்னும் தூரமாகப் போனது.

அதற்குப் பிறகு அம்மா ஒரு இடத்தில் உட்காரவில்லை. அவளுக்கு வந்தது வேறு பயம். அந்தக் காலத்தில் மலைக்குப் போவது பஸ்ஸில் போய் இறங்குகிற காரியமா? எருமேலியிலிருந்து காடு. யானை, புலி. விரதம் பிழைத்தவனைப் புலி பார்த்துப் பார்த்துப் பிடிக்கும் என்பது எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பஜனைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மறைவாகக் கள் குடித்தவன் கரிமலை ஏற்றத்தில் வழி தவறிப் போனது, வீட்டில் சுத்தமில்லாதவன் காய்ச்சலில் விழுந்து தூக்கி வரப்பட்டது. அப்பா தலையாட்டிக் கேட்பார். சுவருக்கு இந்தப் பக்கம் அம்மா துடைத்த பாத்திரத்தையே துடைத்துக்கொண்டிருப்பாள். மீனை நிறுத்தினால் பிள்ளை போகும். நிறுத்தாவிட்டால் புருஷன் போவான். இதை யாரிடம் சொல்ல முடியும்?

சொல்லப் பார்த்தாள். அப்பா சாப்பிட உட்காரும்போது, ‘சாமி, ஒரு காரியம் பறையணும்’ என்று தொடங்குவாள். அவர் நிமிர்ந்து பார்ப்பார். நெய்த்தேங்காய்க்கு நல்ல காய் யார் தருவார்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். இப்படி எத்தனையோ தடவை. எனக்கே பொறுக்காமல், நான் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது கெட்டு நிறைப்பு வந்தது. அதுதான் இருமுடி கட்டுகிற சடங்கு. எங்கள் வீட்டிலேயே, சாயந்தரம். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த பெரியவர்தான் குருசாமி. பாய் விரித்து, தேங்காயில் துளை போட்டு, நெய் ஊற்றி அடைத்தார்கள். பிறகு வீட்டில் உள்ளவர்கள் வரிசையாக வந்து இருமுடிப் பையில் கைப்பிடி அரிசி போட வேண்டும். நான் போட்டேன். அக்கா வரவில்லை, அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா வந்தாள். அரிசியை அள்ளினாள். அப்பா பையின் வாயை விரித்துப் பிடித்திருந்தார். அம்மாவின் கை பைக்கு மேலே வந்து நின்றுவிட்டது.

சுற்றி இருந்தவர்கள் சரணம் விளித்துக்கொண்டே இருந்தார்கள். கை இறங்கவில்லை என்பதைக் கண்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். குருசாமி, என்னம்மா, போடுங்கள் என்றார். அம்மா அரிசியைத் திரும்பத் தட்டிலேயே போட்டாள்.

“நான் போட மாட்டேன். இந்தக் கையாலதான் அவளுக்கு மீன் முள்ளு எடுத்துக் கொடுத்தேன். மாலை போட்ட மாசத்திலிருந்தே.”

எல்லாவற்றையும் சொன்னாள். சேச்சி வீடு, சாளை, நோன்பு, கிணற்றடிக் குளியல், எதையும் விடவில்லை. சொல்லும்போது அப்பாவைப் பார்க்கவில்லை, அந்தப் பையைத்தான் பார்த்தாள். இப்படியே காட்டுக்குப் போக வேண்டாம், மாலையைக் கழற்றிவிடுங்கள் என்று கடைசியில் கெஞ்சினாள்.

அப்பா கோபக்காரர் இல்லை, ஆனால் இது சாமி காரியம். குருசாமி நல்ல மனிதர்தான். பிழை பிழைதான், இந்த வருஷம் விட்டுவிடலாம், அடுத்த வருஷம் புதிதாக மாலை போட்டுப் போகலாம் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா கதவடியில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

“மோளே, சாப்பிட்டது வயித்துல நின்னுச்சா?”

“நின்னுச்சுப்பா.”

அப்பா பையின் வாயை மறுபடியும் விரித்தார்.

“நீங்க நிறைங்க, குருசாமி. குத்தம் இருந்தா மலை ஏறுற என் தலையில இருக்கட்டும். நான் போகாம இங்கெ இருந்தா அது எங்கெ போகும்? இந்த வீட்டுக்குள்ளதானே சுத்தும். இவ வயித்துப் பக்கம் அது வரக் கூடாது.”

இதுதான் நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. அவர் திட்டுவார், அடிப்பார், மாலையை அறுத்துப் போடுவார் என்றெல்லாம் அம்மா மாதக்கணக்கில் பயந்தாள். சொன்னால் போவதை நிறுத்திவிடுவார் என்று நம்பித்தான் சொன்னாள். அவர் தெரிந்துகொண்டே போகப் போகிறார். அம்மா அவருடைய காலைப் பிடித்தாள், வேண்டாம் என்றாள். அவர் காலை மெல்ல விடுவித்துக்கொண்டார். குருசாமி கண்ணைத் துடைத்துவிட்டுக் கெட்டை முறுக்கிக் கட்டினார்.

கெட்டைத் தலையில் ஏற்றிவிட்டால் வீட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, போய் வருகிறேன் என்று சொல்லவும் கூடாது. வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு அப்பா தெருவில் இறங்கினார். நாலடி நடந்தவர் நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தெருவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நாளைக்கே நம்ம அடுப்புல வை. இனி அவளை வேலி தாண்டி நடத்தாதே. மோளே, நான் வர்றது வரைக்கும் நிறுத்தக் கூடாது, கேட்டியா.”

சொல்லிவிட்டுச் சரணம் விளித்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தக் கறுப்பு வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் அம்மா கொட்டகையிலிருந்து சட்டியை எடுத்தாள். கூடைக்காரி எங்கள் வாசலில் நிற்கச் சொன்னதும் நம்பாமல் விழித்தாள். புளியைக் கையில் எடுத்த அம்மா அதைத் திரும்பப் பரணி ஜாடியில் போட்டுவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கைநீட்டிக் குடம்புளி வாங்கி, சேச்சி வைக்கிற மாதிரியே வைத்தாள். எனக்கும் தட்டில் விழுந்தது, கேளுங்கள், நல்ல முழு மீன். கார்த்திகையிலிருந்து கனவு கண்ட மீன். அதைப் பார்த்தால் எனக்குக் காடுதான் தெரிந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா தட்டே போட்டுக்கொள்ளவில்லை. அக்கா மட்டும் சாப்பிட்டாள். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சோற்றில் சொட்டச் சொட்ட, முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரைக்கும் சாப்பிட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முள்ளெடுத்தாள். அப்பா திரும்பும் வரைக்கும் தினமும் இதுதான்.

குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வைகாசியில், இடவப்பாதி மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு பெய்த அன்றைக்குப் பெண் பிறந்தாள். இப்போது கலூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள், போனில் பேசினால் காதைத் தூர வைத்துக்கொள்ள வேண்டும். மீனா, சாமியா என்று உங்களில் சிலர் விவாதம் பண்ண வருவீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அப்பா திரும்பி வந்த அன்றைக்கு நடந்ததைத்தான்.

தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. எங்கள் தெருவிலிருந்து போன மற்ற சாமிகள் முந்தின நாளே வந்துவிட்டார்கள். அப்பாவுக்குக் காலில் காயம், பின்னால் மெதுவாக வருகிறார் என்றார்கள். அம்மா அதை நம்பவில்லை. பொய் சொல்லி மறைக்கிறார்கள் என்றே நினைத்து, விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வெயில் ஏறிய நேரத்தில் நொண்டிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாக இருந்தார். தலையில் கெட்டு. வாசலில் அம்மா காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள். கெட்டை இறக்க அவள் கை நீட்டியதற்கு, இரு என்றார். அக்காவைத் தேடினார்.

“நிறுத்தலையே?”

“இல்லப்பா.”

பிறகுதான் கெட்டை இறக்கி வைத்தார். மாலையைக் குருசாமிதான் கழற்ற வேண்டும், கடையிலிருந்து அவரைக் கூட்டி வரட்டுமா என்று நான் கேட்டேன். அப்பா அம்மாவின் முன்னால் வந்து நின்று கழுத்தைக் குனிந்து கொடுத்தார். அம்மா பின்னால் நகர்ந்தாள். தன் கையைப் புடவையில் மறைத்துக்கொண்டாள்.

“இந்தக் கை வேண்டாம்” என்றாள்.

“இந்தக் கைதான் வேணும்” என்றார் அப்பா.

குனிந்தபடியே நின்றார். அம்மா கழற்றினாள்.